பார்சல் வாங்கினால் கடை பிழைக்குமா? மதுரை விவாத இழை, ஜூன் 2021

மேலமாசி வாசி (ஜூன் 16, காலை)

திங்கட்கிழமை முதல் மதுரை உட்பட 27 மாவட்டங்களில் டீக்கடைகள் பார்சல் கொடுக்கலாம் என்று அரசு அறிவித்துவிட்டது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை. பாத்திரம் கொண்டுபோய் வாங்குங்கள், சூடான டீயைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஓட்டல்களுக்கு மே 10 கொரோனா ஊரடங்கிலிருந்தே பார்சல் மட்டும்தான்: காலை 6 முதல் 10, பகல் 12 முதல் 3, மாலை 6 முதல் 9.

என் வேண்டுகோள் இது. வாரத்துக்கு இரண்டு வேளையாவது உங்கள் தெருவில் இருக்கிற சின்னக் கடையில் பார்சல் வாங்குங்கள். சாப்பாடு கொண்டுவந்து தருகிற செயலி வேண்டாம். தூக்குச்சட்டியோடு நேரில் போங்கள். போன வருடம் ஜூன் 24-இல் ஆரம்பித்து ஜூலை நடுப்பகுதி வரை மதுரைக்கு மட்டும் தனியாக ஊரடங்கை இறுக்கினார்களே, அப்போது எங்கள் பக்கம் பூட்டிய இரண்டு இட்லிக் கடைகள் இன்றுவரை திறக்கவில்லை. நள்ளிரவில் ஆவி பறக்க இட்லி கிடைக்கிற ஊர் இது. அந்தக் கடைகள் போய்விட்டால் திரும்ப வராது. கையில் காசு இருப்பவர்கள் இப்போது செலவழிக்காமல் எப்போது செலவழிக்கப் போகிறோம்?

வார்டு நர்ஸ்

அண்ணே, உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனாலும் நான் இதை எதிர்க்கிறேன்.

மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த வாரம் வார்டில் நின்றவள் நான். இப்போது எண்ணிக்கை வெகுவாக இறங்கியிருக்கிறது, சரி. இறங்கியதற்குக் காரணம் ஜனங்கள் வெளியே வராததுதான். நேற்று டூட்டி முடிந்து வரும்போது ஒரு பரோட்டாக் கடை வாசலைப் பார்த்தேன். கல்லாவை ஒட்டி முப்பது பேராவது இருப்பார்கள், பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில். மூன்று மணி நேரம்தான் கடை என்றால் எல்லோரும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தானே வருவார்கள்? "கடையை ஆதரியுங்கள்" என்று நீங்கள் எழுத எழுத அந்தக் கூட்டம்தான் பெருகும்.

மேலமாசி வாசி

கூட்டம் தப்புதான் தங்கச்சி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்சலால் நோய் வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. போன வருடம் ஏப்ரலில் தெற்கு டெல்லியில் பீட்சா கொண்டுபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் 72 வீடுகளைத் தனிமைப்படுத்தினார்கள். நாடே பார்சலைத் தொடப் பயந்தது. இந்த ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்ன சொன்னது? கிருமி பட்ட பொருளைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு, ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இது முக்கியமாகக் காற்றில் பரவுகிற நோய். திறந்த வாசலில் ஐந்து நிமிடம் தள்ளி நின்று பொட்டலம் வாங்குவதில் என்ன பெரிய ஆபத்து?

வார்டு நர்ஸ்

வாங்குகிற உங்களுக்கு ஆபத்து குறைவு. நான் சொல்ல வருவது அடுப்படியைப் பற்றி.

காற்றில் பரவும் என்று நீங்களே சொல்கிறீர்கள். சின்ன மெஸ்ஸின் அடுப்படி எப்படி இருக்கும்? பத்துக்குப் பத்து அறை, ஒரே ஜன்னல், இரண்டு பெரிய அடுப்பு, உள்ளே நான்கைந்து பேர். கல்லுக்கு முன்னால் நிற்கிற மாஸ்டர் மூன்று மணி நேரம் மாஸ்க் போட முடியுமா? பத்து நிமிடத்தில் வேர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றி விடுவார். பக்கத்தில் பொட்டலம் கட்டுகிற பையன், பாத்திரம் கழுவுகிற அக்கா, எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். ராத்திரி ஒரே அறையில் படுக்கிறவர்களும் உண்டு. உங்கள் இரண்டு வேளை பார்சலுக்காக அவர்களை அங்கே நிற்க வைக்கிறோம். இதற்கு ஆதரவு என்று பெயர் வைக்க என் மனசு ஒப்பவில்லை.

சம்பளம் பாதி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை மே 10 முதல் பூட்டிக் கிடக்கிறது. சம்பளம் பாதி. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த நாலாயிரமும் 14 மளிகைப் பொருளும்தான் இந்த மாதம் வீட்டை ஓட்டுகிறது. நாலு பேருக்கு ஒரு வேளை பார்சல் வாங்கினால் முந்நூறு ரூபாய் போய்விடும். அதே முந்நூறில் வீட்டில் மூன்று நாள் குழம்பு வைக்கலாம். எங்கள் தெரு இட்லிக்கடை அக்காமேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் வாங்காத ஒவ்வொருவரையும் மனசில்லாதவர் மாதிரி பேசுகிற பதிவுகளைப் படிக்கும்போது வலிக்கிறது.

மேலமாசி வாசி

உங்களைச் சொல்லவே இல்லை தம்பி. மாதச் சம்பளம் குறையாமல் வருகிறவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறோம். பேங்க், அரசு அலுவலகம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற கணினிக்காரர்கள். ஒரு வருடமாக எங்களுக்குப் பெட்ரோல் செலவுகூடக் குறைந்திருக்கிறது. நான் பேசுவது எங்களிடம்தான்.

கணக்குப்பிள்ளை

நான் சின்ன ஓட்டல்கள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறவன். பார்சலால் கடை பிழைக்கும் என்பது பாதி உண்மை.

உட்கார்ந்து சாப்பிடும் கடையின் லாபம் சோற்றிலும் இட்லியிலும் பெரிதாக இல்லை. காபி, ஒரு வடை, கடைசியில் ஒரு நெய் ரோஸ்ட் என்று மேஜையில் உட்கார்ந்தவர் கேட்டு வாங்குகிறாரே, அதில் இருக்கிறது. பார்சலில் அது வராது. காபியை யாரும் கட்டிக்கொண்டு போவதில்லை. வாடகை மட்டும் முழுசாக நிற்கும். மூடிக் கிடக்கிற ஏ.சி. ஹாலுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

செயலி வழியாகப் போனால் நூறு ரூபாய் பில்லில் இருபதுக்கு மேல் கமிஷன். மீதியும் கையில் வர ஒரு வாரம் ஆகும், காய்கறி மண்டியிலோ அன்றன்றைக்குக் காசு வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2017 நவம்பருக்குப் பிறகு உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்கு வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை, கழிக்க முடியாது. பார்சல் டப்பாவுக்குக் கொடுத்த வரியும் கடைக்காரர் தலையில்தான்.

ஜூன் 4 அன்று ரிசர்வ் வங்கி ஓட்டல், சுற்றுலா மாதிரித் தொழில்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகளுக்கு 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் தெருமுனை மெஸ்காரரிடம் வங்கி கேட்கிற காகிதம் ஒன்றுகூட இருக்காது. அவருக்குக் கிடைப்பது தண்டல்காரர் மட்டும்தான். ஆகவே மேலமாசி அண்ணன் சொல்கிற ரொக்கத்துக்கு மதிப்பு இருக்கிறது. அதை வைத்துக் கடையை நடத்த முடியாது. தண்டலைக் கட்டி, கடை கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளலாம்.

அடுப்படி

என் தொழிலைப் பற்றிப் பேசுகிறீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறோம். அப்பா ஆரம்பித்தது.

சாப்பாட்டுப் பார்சலில் யாரும் யோசிக்காத ஒரு சங்கதி உண்டு. இலை போட்டு உட்கார்ந்தால் அளவில்லாச் சாப்பாடுதான். ஆனால் மனுசனுக்கு வயிறு ஒன்று. ஒருவர் இரண்டு தடவை சோறு வாங்குவார், இன்னொருவர் ஒரு தடவையோடு மோருக்குப் போய்விடுவார். கூட்டிக் கழித்தால் எனக்குக் கட்டுபடியாகும். பார்சலில் அந்தக் கணக்கு நடக்காது. ஒவ்வொரு பொட்டலத்திலும் இரண்டு பேர் சாப்பிடுகிற சோறு வைக்க வேண்டும், குறைந்தால் மறுநாள் வரமாட்டார்கள். அப்புறம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், ஊறுகாய், அப்பளம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கவர், நூல் சுற்றிக் கட்ட ஒரு ஆள். 80 ரூபாய் சாப்பாட்டில் கட்டுகிற செலவே பத்து ரூபாயைத் தாண்டும். பாத்திரம் கொண்டு வருகிறவருக்கு நான் அந்தப் பத்து ரூபாயைக் குறைத்துத் தருகிறேன், சந்தோசமாகவே தருகிறேன்.

நர்ஸ் அக்கா, அடுப்படியைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதற்காக எப்படி மூடுவேன்? என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம், சிவகங்கை, தேனிப் பக்கத்திலிருந்து நோயாளியோடு வந்தவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுப்பு எங்கே இருக்கிறது? மேன்ஷனில் தங்கியிருக்கிற பையன்களுக்கு எங்கே இருக்கிறது? அம்மா உணவகத்தில் வாங்கலாம், வாங்கவும் செய்கிறார்கள், ஆனால் அது எல்லோருக்கும் எட்டாது.

சோழவந்தான் தோப்பு

நான் வாழை இலை வெட்டுகிறவன். ஒரு வார்த்தை. கல்யாணம் இல்லை, கோயில் விசேஷம் இல்லை, ஓட்டலில் பந்தி இல்லை. தலைவாழை இலைக் கட்டு மார்க்கெட்டுக்குப் போனால் வண்டி வாடகைக்குக்கூடத் தேறவில்லை. மரத்திலேயே கிழிய விட்டுவிட்டோம். பார்சலுக்கு இலையைத் துண்டாக நறுக்கி உள்ளே வைக்கிறார்கள், மேலே நியூஸ்பேப்பர். அச்சு மை உடம்புக்குக் கெடுதல், பேப்பரில் உணவைக் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. இரண்டு இலையாக வைத்துக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கும் கொஞ்சம் ஓடும்.

வார்டு நர்ஸ்

அடுப்படி தம்பி, நோயாளியோடு வந்தவர்கள் விஷயத்தில் எனக்கு எதிர்ப்பே இல்லை. என் வார்டுக்கு வெளியே நிற்கிறவர்களும் அவர்கள்தான். உங்கள் கடை மாதிரிக் கடைகள் திறந்துதான் இருக்க வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன். வீட்டில் அடுப்பும் அரிசியும் ஆளும் இருக்கிறவர், ஆதரவு என்ற பெயரில் அதே வரிசையில் ஏன் நிற்க வேண்டும்? அடுப்பில்லாதவர் அவருக்குப் பின்னால் நிற்கிறார். கடைக்கு உதவ ஆசையிருந்தால் இரண்டு வேளை சாப்பாட்டுக் காசைக் கல்லாவில் கட்டிவிட்டு வாருங்கள். அந்தச் சாப்பாடு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகட்டும்.

மேலமாசி வாசி

இது நல்ல யோசனைதான், என்னால் செய்ய முடியும். ஆனால் எத்தனை பேர் செய்வார்கள்? நன்கொடை கேட்டால் ஒரு வாரம் கொடுப்பார்கள். நாக்கு கேட்டால் மாதக்கணக்கில் வாங்குவார்கள். போன ஜூலையில் நம்ம ஊர் ஓட்டல் ஒன்று முகக்கவச வடிவில் பரோட்டா போட்டதே, ஊரே வாங்கியது, வடநாட்டுச் செய்தியில்கூட வந்தது. தர்மத்துக்காகவா வாங்கினார்கள்? ஆசைப்பட்டு வாங்கினார்கள். கடைக்காரருக்கும் அதுதான் கௌரவம்.

அடுப்படி

கௌரவம் என்று சொன்னதால் சொல்கிறேன். காசை வாங்கிக்கொண்டு நான் சும்மா இருக்க மாட்டேன். ஆனால் வாசலுக்குச் சாப்பாடு அனுப்பக் கட்டினால் கட்டாயம் வாங்கிக்கொள்வேன், அதுவும் வியாபாரம்தான். யார் கட்டினார்கள், எத்தனை பொட்டலம் போனது என்று நோட்டில் எழுதி வைப்பேன். வந்து பார்க்கலாம்.

சம்பளம் பாதி

சப்ளையர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே? பார்சலில் மாஸ்டருக்கு வேலை இருக்கிறது, பரிமாறுகிறவருக்கு என்ன இருக்கிறது? என் மாமா இருபது வருடமாக டவுனில் ஒரு பெரிய ஓட்டலில் சப்ளையர். கடை ஓகோவென்று பார்சல் ஓட்டுகிறது. மாமா வீட்டில் இருக்கிறார். அவருக்குச் சம்பளத்தைவிட டிப்ஸ்தான் பெரிசு. கடையை ஆதரித்தால் தொழிலாளியை ஆதரித்த மாதிரி என்று நினைக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் எழுதுகிற கணக்குகளில் மே மாதம் சப்ளையர் சம்பளம் போட்டது ஒரே ஒரு கடைதான்.

அடுப்படி

என்னிடம் சப்ளையர் இரண்டு பேர். இரண்டு பேரையும் சைக்கிளில் அனுப்புகிறேன். சுற்று வட்டாரத்தில் போனில் சொன்னால் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். செயலிக்குப் போகிற கமிஷனை அவர்கள் சம்பளத்தில் போடுகிறேன். முழுச் சம்பளம் வருகிறது என்று சொல்ல மாட்டேன், முக்கால் வருகிறது. பெரிய கடை முதலாளிகளும் இதைச் செய்யலாம்.

வார்டு நர்ஸ்

அந்த இரண்டு பேரும் தடுப்பூசி போட்டாயிற்றா? மாஸ்டர்?

அடுப்படி

மாஸ்டருக்கு வயது 51, ஒரு ஊசி போட்டாயிற்று. மற்றவர்கள் எல்லாம் முப்பதுக்குக் கீழே. இரண்டு தடவை போய் வரிசையில் நின்றார்கள், ஊசி தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்று அப்புறம் போகவில்லை.

வார்டு நர்ஸ்

வருகிற திங்கள், ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மத்திய அரசு இலவசமாக ஊசி தருகிறது, வரத்து கூடும். காலை டிபனை ஒரு நாள் நிறுத்திவிட்டு எல்லோரையும் சேர்த்து அனுப்புங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். கை வலி, காய்ச்சல் வந்தால் மறுநாளும் விடுங்கள். அடுப்படி ஜன்னலில் வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு ஃபேன் மாட்டுங்கள். வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, பெயரைக் கூப்பிட்டுக் கொடுங்கள். இவ்வளவும் செய்கிற கடையில் வாங்குங்கள் என்று மேலமாசி அண்ணன் எழுதினால் நானே என் வார்டில் எல்லோருக்கும் சொல்கிறேன். எந்தக் கடையானாலும் வாங்குங்கள் என்றால் மறுபடி எதிர்த்துத்தான் எழுதுவேன்.

மேலமாசி வாசி

ஃபேன் வாங்க வழியில்லாத இட்லிக்கடை அக்காவை அப்போது விட்டுவிடவா? அவர் கடை தெருத் திண்ணையில், நாலு பக்கமும் காற்று. உங்கள் அளவுகோலில் அதுவும் சேர வேண்டும் தங்கச்சி. மற்றபடி ஊசிக்கு நான் பொறுப்பு. என்னிடம் பழைய கார் ஒன்று சும்மா நிற்கிறது. அடுப்படி தம்பி, திங்கள் காலை உங்கள் ஆட்களை நான் ஏற்றிக்கொண்டு போகிறேன், எத்தனை மணிக்கு வரட்டும்?

அடுப்படி

திங்கள் வேண்டாம்ணே, முதல் நாள் கூட்டம் அள்ளும். செவ்வாய் காலை ஏழு மணி. அன்றைக்கு டிபன் கிடையாது என்று இன்றைக்கே போர்டு எழுதி வைத்துவிடுகிறேன். பகல் சாப்பாடு உண்டு, வாசலுக்குப் போகிற பொட்டலமும் உண்டு. அப்பாவும் நானும் அடுப்பில் நின்றுகொள்கிறோம்.