ரா படங்கள் திறந்ததும் இருண்டு போகின்றன, நாளைக்குள் உதவி வேண்டும்

குளக்கரை (இரவு 9:12)
வணக்கம் நண்பர்களே, அவசரம். கூந்தன்குளத்தில் ராவில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்த பறவைப் படங்களை லேப்டாப்பில் திறந்தால் ஒரு நொடி அருமையாகத் தெரிகிறது. அப்புறம் கண் முன்னாலேயே இருண்டு, சாயம் போன துணி மாதிரி ஆகிவிடுகிறது. 110 படங்கள், எல்லாமே இப்படித்தான். ஒரிஜினலே கெட்டுப்போய்விட்டதா? கல்லூரிக் கண்காட்சிக்காக நாளை மதியத்துக்குள் மூன்று படங்களைப் பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. இலவசமாக எது இருந்தாலும் சொல்லுங்கள்.

சேமிப்பறை (9:20)
மெமரி கார்டைத்தான் சந்தேகப்படுகிறேன். மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். இப்படிப் போலிகள் நிறையப் புழங்குகின்றன. எஃப்3 என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். ஆனால் அதற்கு முன் படங்களை வேறு இடத்தில் நகல் எடுங்கள். அழிந்த படங்களை மீட்க ஃபோட்டோரெக் இருக்கிறது, அதுவும் இலவசம். கார்டில் இனிமேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

பழுப்புமண் (9:26)
இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. என்ன கேமரா, என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், ஒன்றும் எழுதவில்லை. "படம் இருண்டு போகிறது" என்று மட்டும் சொன்னால் இங்கே யாரும் ஜோசியம் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ரா கோப்பு என்றால் என்ன என்று படித்துவிட்டுப் பிறகு ராவில் எடுக்கலாம். அதுவரை ஜேபெக்கில் எடுப்பது உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

நீலச்சட்டகம் (9:31)
பழுப்புமண், கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நாளைக்குக் கெடு வைத்துக்கொண்டு பதறி வந்திருக்கும் பிள்ளையிடம் இப்படியா பேசுவது?

குளக்கரை தம்பி, முதலில் பயப்படாதே, ஒரிஜினல் கெடவில்லை. முதல் நொடியில் நீ பார்ப்பது ராவே இல்லை. கேமரா ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் தானே மெருகேற்றிய ஒரு ஜேபெக் படத்தையும் சேர்த்துவைக்கும். மென்பொருள் அதை முதலில் காட்டிவிட்டு, பிறகு உண்மையான ராவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அந்த மாற்றம்தான் உனக்கு "இருண்டு போவது". கேமரா தன் ஜேபெக்கில் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டித் தந்தது. ராவில் அது எதுவும் இல்லை, நீதான் செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் கொஞ்சம் மங்கினால் அது இயல்பு. நீ சொல்வதைப் பார்த்தால் ரொம்பவே இருட்டு மாதிரி இருக்கிறது. கேமரா மாடல், மென்பொருள் பெயர், பதிப்பு எழுது. இந்தப் படங்களை எடுத்தபோது ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) என்ன, வெயில் எப்படி என்றும் சொல்.

திரைவண்ணம் (9:38)
லேப்டாப் திரையை நம்பவே கூடாது. மலிவான பேனல்களில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். திரையின் நிறத்தைச் சரிசெய்யும் டிஸ்ப்ளேகால் இலவசம்தான், ஆனால் அளக்கிற கருவி வேண்டும், அதற்குக் காசு ஆகும். அதுவரை ஒரு படத்தை ஜேபெக்காக ஏற்றுமதி செய்து இரண்டு மூன்று கைபேசிகளில் பார்க்கவும். எல்லாவற்றிலும் இருட்டாக இருந்தால் கோளாறு திரையில் இல்லை.

ஒளியோடை (9:44)
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். ராதெரபி என்ற ரா மென்பொருளை நிறுவுங்கள், முடிந்தது. 5.4-ஆம் பதிப்பிலிருந்து அதில் தானாகப் பொருந்தும் டோன் கர்வ் (வெளிச்ச வளைவு) இருக்கிறது. உள்ளே இருக்கும் கேமரா ஜேபெக்கைப் பார்த்து, அதே வெளிச்சம் வருகிற மாதிரி வளைவைத் தானே அமைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. நான் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

குளக்கரை (9:58)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கேமரா கேனன் 1500டி, 55-250 லென்ஸ். இயங்குதளம் உபுண்டு 22.04, அதில் ரா மென்பொருள் டார்க்டேபிள் 3.8. கைபேசியிலும் இருட்டுத்தான். நல்ல வெயில், காலை பத்து மணி. ஐஎஸ்ஓ 100 வைக்கப் பார்த்தேன், 200-க்குக் கீழே இறங்கவே இல்லை. கேமரா மாமாவுடையது, பழசு என்பதால் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். பறவைகள் எல்லாம் வெள்ளை, சங்குவளை நாரையும் கொக்கும். யூடியூபில் பார்த்து பேஸ் கர்வ் என்று ஒன்றைப் போட்டேன், நிழல் இன்னும் கறுத்துவிட்டது.

கணினிவேர் (10:03)
3.8 பழைய பதிப்பு தம்பி. ஃபிளாட்பேக் (லினக்ஸில் செயலி நிறுவும் ஒரு முறை) வழியாகப் புதியதைப் போட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

நீலச்சட்டகம் (10:11)
பதிப்பு இருக்கட்டும், அவன் எழுதியதிலேயே விடை இருக்கிறது. 1500டி-யில் ஐஎஸ்ஓ 100 உண்டு. அது 200-க்குக் கீழே இறங்காமல் நிற்கிறது என்றால், யாரோ "ஹைலைட் டோன் பிரையாரிட்டி"யை இயக்கிவைத்திருக்கிறார்கள். தம்பி, கேமராத் திரையில் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் 'டி+' என்று ஒரு சின்னம் இருக்கிறதா பார். மாமா கல்யாண வீடுகளில் எடுப்பவரா?

குளக்கரை (10:16)
அக்கா, டி+ இருக்கிறது! ஆமாம், மாமா கல்யாணத்துக்குப் போவார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீலச்சட்டகம் (10:29)
வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வெளுத்துப் போய்விடாமல் காப்பாற்றத்தான் கல்யாணம் எடுப்பவர்கள் அதை இயக்கிவைப்பார்கள். அது செய்வது இதுதான்: நீ 200 என்று வைத்தாலும், கேமரா உள்ளே ஒரு ஸ்டாப் குறைவாகவே பதிவு செய்யும். அதனால் மேல்பக்கத்தில் வெள்ளைக்கு இடம் கிடைக்கிறது. பிறகு ஜேபெக் செய்யும்போது வெள்ளையை விட்டுவிட்டு, நிழலையும் நடுத்தர வெளிச்சத்தையும் தூக்கிச் சமன் செய்யும். ஜேபெக்கில் உனக்கு ஒன்றும் தெரியாது. ரா கோப்பிலோ அந்த ஒரு ஸ்டாப் குறைவு அப்படியே கிடக்கும், அதாவது பாதி வெளிச்சம். கேனனின் சொந்த மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்துச் சரிசெய்துவிடும். உன் டார்க்டேபிள் அதைப் பார்க்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது:

முதலில் பேஸ் கர்வை அணை. ஃபில்மிக் ஆர்ஜிபி மாட்யூலும் அதுவும் வெளிச்ச வளைவை அமைக்கும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டும் சேர்ந்தால் கான்ட்ராஸ்ட் இரட்டிப்பாகும், உன் நிழல் கறுத்தது அதனால்தான். ஃபில்மிக்கை மட்டும் வைத்துக்கொள். அப்புறம் எக்ஸ்போஷர் மாட்யூலைத் திறந்து, அங்கே ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்கு மேல் 1 இவி (ஒரு ஸ்டாப்) கூட்டு. வெள்ளை இறகைப் பார்த்துக்கொண்டே செய்: நாரையின் முதுகில் இறகு இறகாகக் கோடு தெரிய வேண்டும், வெறும் வெள்ளைத் திட்டாகக் கூடாது. திட்டாகிவிட்டால் எக்ஸ்போஷரைக் குறைக்காதே, ஃபில்மிக்கில் வெள்ளைப் புள்ளியின் எல்லையைக் கொஞ்சம் மேலே தள்ளு. வாலருகே உள்ள இளஞ்சிவப்பு இறகு கடைசியில்தான் உயிர் பெறும், அதற்கு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் செறிவைத் துளி கூட்டு, போதும்.

ஒரு படம் சரியானதும் லைட்டேபிளுக்கு (எல்லாப் படங்களும் வரிசையாகத் தெரியும் பக்கம்) வந்து அதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் சி. மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் வி. 110 படமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்துவிடும். நீ செய்யும் மாற்றமெல்லாம் பக்கத்தில் எக்ஸ்எம்பி கோப்பில்தான் எழுதப்படுகிறது, ரா கோப்பை டார்க்டேபிள் தொடுவதே இல்லை. தைரியமாகச் செய்.

பழுப்புமண் (10:36)
ஐஎஸ்ஓ 200 விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்ட விவரத்தை எழுதியதால்தான் விடை கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ராவில் எடுப்பவருக்கு டி+ தேவையே இல்லை. வெள்ளை வெளுக்கும் என்று தோன்றினால் எக்ஸ்போஷரை நாமே குறைத்து எடுக்கலாம். என்ன செய்தோம் என்று நமக்கே தெரிந்திருக்கும். தனிப்பயன் செயல்பாடுகள் மெனுவில் போய் அணைத்துவிடுங்கள்.

ஒளியோடை (10:40)
ராதெரபியாக இருந்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம். ஜேபெக்கைப் பார்த்துத் தானே பொருத்தியிருக்கும்.

மழைநாள் (10:47)
ஒரேயடியாக எளிதான வழி, கேனன் கொடுக்கும் ரா மென்பொருள் டிபிபி. அதுவும் இலவசம்தான்.

கட்டற்றகை (10:55)
டிபிபி உபுண்டுவில் ஓடாது, விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான். அதோடு ஒன்று சொல்ல வேண்டும், இந்த இழை முழுக்க "இலவசம்" என்றே எழுதுகிறீர்கள். டிபிபி இலவசம், ஆனால் கட்டற்ற மென்பொருள் அல்ல. மூலநிரலைப் பார்க்க முடியாது, திருத்த முடியாது, பகிர முடியாது. டார்க்டேபிளும் ராதெரபியும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருபவை. இந்தத் தம்பியின் கேமரா கடைசியில் கேனன் ஆதரவை இழந்தாலும் அவன் கோப்புகளைத் திறக்க யாராவது எழுதிவைத்த நிரல் அங்கே இருக்கும். தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் "கட்டற்ற கலைக்களஞ்சியம்" என்று சொல்கிறது, "இலவசக் கலைக்களஞ்சியம்" என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

மழைநாள் (11:02)
ஐயா, கொள்கை எனக்கும் புரிகிறது. ஆனால் மாதம் பிறந்தால் பஸ் பாஸுக்கே கணக்குப் பார்க்கும் பையனுக்கு முதல் கேள்வி "எவ்வளவு" என்பதுதான். நானும் இலவசம் என்பதற்காகத்தான் கிம்ப் என்ற படத்திருத்தியைத் தொட்டேன். மூலநிரலைப் பற்றி மூன்று வருடம் கழித்துத்தான் யோசித்தேன். வாசலில் நிற்கிறவரைச் சொல்லைத் திருத்தி விரட்டக் கூடாது.

கட்டற்றகை (11:09)
விரட்டவில்லை. உள்ளே வருபவருக்கு வீட்டின் பெயரைச் சரியாகச் சொல்கிறேன். விலையில்லாமல் கிடைப்பது எது வேண்டுமானாலும் நாளைக்கு விலைக்கு வரலாம். வெளியிட்ட ஜிபிஎல் நிரலை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. ஒரு மாணவன் வருடக்கணக்காகச் சேர்க்கும் திருத்தங்கள் எல்லாம் ஒரு மென்பொருளுக்குள்ளே இருக்கின்றன. அதனால்தான் இது எனக்கு முக்கியம்.

சேமிப்பறை (11:15)
இவ்வளவு பேசுகிறோம், கார்டை யாரும் சோதிக்கவில்லை. பிரச்சினை அதில் இல்லாவிட்டாலும் சோதிப்பது நல்லது.

நீலச்சட்டகம் (11:18)
சொல்லைப் பற்றி வேறு இழை திறங்களேன், நானும் வருகிறேன். தம்பி இன்றிரவு தூங்கவும் வேண்டும்.

குளக்கரை, எல்லாம் கைவிட்டால் ஒரு கடைசி வழி: எக்ஸிஃப்டூல் என்ற கருவியால் ரா கோப்புக்குள் இருக்கும் அந்த ஜேபெக்கை அப்படியே வெளியே எடுக்கலாம். முதல் நொடியில் நீ பார்த்து ரசித்த படம் அதுதான். எத்தனை பிக்சல் என்று பார்த்துக்கொள். பிரிண்ட் எந்த அளவு?

குளக்கரை (11:34)
12×18 அக்கா. பேஸ் கர்வை அணைத்து 1 கூட்டினேன். இறகு தெரிகிறது! மரத்தின் நிழல் பக்கம் மட்டும் பொடிப்பொடியாக இருக்கிறது.

நீலச்சட்டகம் (11:41)
அது நீ தூக்கிய அந்த ஒரு ஸ்டாப்பின் விலை. நிழலில் வெளிச்சம் குறைவாக விழுந்ததால் நாய்ஸ் மேலே வருகிறது. டிநாய்ஸ் (ப்ரொஃபைல்ட்) மாட்யூலை இயக்கு, கேமராக்களுக்கு அளந்து வைத்த நாய்ஸ் கணக்கைக் கொண்டு அது வேலை செய்யும். தேவைக்கு மேல் போகாதே, மரப்பட்டை மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும். பெரிய பிரிண்டைக் கை நீட்டுகிற தூரத்திலிருந்து பார்ப்பார்கள், அந்தப் பொடி அவ்வளவாகத் தெரியாது.

12×18 அங்குலத்துக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 3600×5400 பிக்சல். உன் கேமரா 6000×4000 தருகிறது, தாராளம். ஏற்றுமதி செய்யும்போது நிறவெளியை எஸ்ஆர்ஜிபி என்று வை, ஜேபெக் தரம் 95. கடைக்காரரிடம் "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்" என்று சொல். சொல்லாவிட்டால் அவர்களே வெளிச்சத்தை இன்னொரு தரம் கூட்டி, நீ காப்பாற்றிய இறகை வெளுத்துவிடுவார்கள். முடிந்தால் சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பெரியது கொடு.

திரைவண்ணம் (11:50)
சின்னப் பிரிண்ட் யோசனை மிகச் சரி. காசு இல்லாத இடத்தில் அதுதான் திரை அளவீடு.

பழுப்புமண் (மறுநாள் காலை 7:05)
தீர்வு கிடைத்தால் தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் வருபவருக்கு உதவும். கேமரா பெயரையும் தலைப்பில் போடுங்கள்.

குளக்கரை (மாலை 6:48)
மூன்றும் பிரிண்ட் வந்துவிட்டது. நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. டி+ அணைத்தேன், ஐஎஸ்ஓ 100 வருகிறது. மாமா அடுத்த வாரம் முகூர்த்தம் இருக்கிறது, திரும்ப வைத்துக் கொடு என்றார். பரீட்சை, அப்புறம் வருகிறேன்.

நீலச்சட்டகம் (7:02)
நாரைப் படத்தை இங்கேயும் போடு தம்பி. அந்த இளஞ்சிவப்பு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒளியோடை (இரண்டு நாள் கழித்து)
ராதெரபி போட்டுப் பார்த்தீர்களா?