யோகா வகுப்பில் உங்களுக்கு நடந்த, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒண்டு?

கடலோரக்காரி:
கொழும்பு வெள்ளவத்தையில ஒரு பிளட்டின்ர மொட்டை மாடி வகுப்பு. எந்த இடம் எண்டு கேக்காதேங்கோ. காலை நீட்டி இருந்து முன்னுக்குக் குனியிற பச்சிமோத்தானாசனம் செய்யேக்க மாஸ்டர் பின்னால வந்து நிண்டாலே எனக்கு நெஞ்சு திக்கெண்டும். அண்டைக்கு முதுகில ரெண்டு கையையும் வச்சு “மூச்சை விடுங்கோ” எண்டார். விட்டு முடிய முன்னமே தன்ர முழுப் பாரத்தையும் போட்டிட்டார். இடப்பக்கம், இருக்கிற எலும்புக்குக் கிட்ட, “டிக்” எண்டு ஒரு சத்தம். பக்கத்துப் பாயில இருந்த பிள்ளைக்கும் கேட்டு, தலையைத் திருப்பிப் பாத்தவ. மாஸ்டருக்கு மட்டும் கேக்கேல்லை. “பாத்தீங்களே, இப்ப வருது” எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஆளிட்டப் போயிட்டார்.

தொடைப் பின்தசை எலும்பில ஒட்டுற இடத்தில காயமாம். பிசியோ சொன்னது: அதைத் திரும்பத் திரும்ப இழுத்தா ஆறாது, கொஞ்சங் கொஞ்சமாப் பலப்படுத்தத்தான் வேணும். கனமாசம் ஓட்டோவில ஒரு பக்கம் சரிஞ்சுதான் இருந்தனான். நோவு போயிட்டுது. அந்த “பாத்தீங்களே” தான் போகுதில்லை.

பம்பலப்பிட்டி மாமா:
பிள்ளை, நோகாமல் ஆசனம் வருமே? நாங்கள் படிக்கேக்க சுவாமி பிரம்பால தட்டுவார், ஒருத்தரும் பிசியோவிட்டப் போகேல்லை. இப்பத்தைய ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு முறைப்பாடு.

சரி, வந்ததுக்குச் சில விசயம் சொல்லுறன். கொழும்பு வேர்வைக்கு அந்த மினுங்குற மலிவு மாட் சரிவராது. டைல்ஸ் நிலத்தில கை வழுக்கி ஒருநாள் தாடை அடிபடும். இறப்பர் மாட் வாங்குங்கோ, இறப்பர் விளையிற நாட்டில இருந்துகொண்டு ஏன் பிளாஸ்ரிக்? மேல ஒரு பருத்தித் துவாயைப் போடுங்கோ. ஏசிக் காத்து முதுகில நேர படக்கூடாது. காலமை ஆறு மணிக்கு முன்னம் தொடங்குங்கோ, பிறகு வெக்கை. சாப்பிட்டு மூண்டு மணித்தியாலம் போகோணும். வெறும் வயிறு எண்டால் திறம், ஒரு வாய் தேத்தண்ணி கூட வேண்டாம். கடைசியில அசையாமல் மல்லாந்து படுக்கிற சவாசனத்தை விட்டுட்டு ஒபிசுக்கு ஓடுறாக்களுக்கு ஒண்டும் சொல்லிப் பிரயோசனமில்லை.

இரவு டியூட்டி:
மாமா, அந்த “ஒரு வாய் தேத்தண்ணி கூட வேண்டாம்” கதையாலதான் இதை எழுதுறன். நான் தாதி. டியூட்டி முடிஞ்சு போற வகுப்பில சீனி வருத்தமுள்ள ஒரு அம்மா. காலமைக் குளிசையைப் போட்டிட்டு, மாஸ்டர் சொன்னபடி ஒண்டும் சாப்பிடாமல் வந்திருக்கிறா. கடைசிச் சவாசனம். லைட் நிப்பாட்டியாச்சு. எல்லாரும் எழும்பிட்டினம், அவ எழும்பேல்லை. “ஆழ்ந்த நிலை, குழப்பாதேங்கோ” எண்டு மாஸ்டர் சிரிச்சுக்கொண்டு சொன்னார்.

பாயைச் சுருட்டேக்க என்ர கை அவவின்ர கையில முட்டிச்சுது. சில்லிட்டு, தண்ணியில முக்கி எடுத்த மாதிரி நனைஞ்சு இருந்தது. மற்ற எல்லாரும் வேர்வை காய்ஞ்சு இருக்கினம். எழுப்பினன். முழிச்சா, கதைச்சா, ஆனா சொல் குழறுது. விழுங்கத் தெரியுது எண்டு பாத்துப்போட்டு, கீழ் கடையில இருந்து சீனி கரைச்ச தண்ணி எடுப்பிச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தன். கால் மணித்தியாலத்தில “என்ன பிள்ளை, எல்லாரும் என்னையே பாக்கிறீங்கள்?” எண்டு கேட்டா.

இன்சுலின் போடுறாக்களும் கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசை எடுக்கிறாக்களும் வெறும் வயித்தோட வகுப்புக்குப் போகாதேங்கோ, இரத்தத்தில சீனி கடுமையா இறங்கலாம். மெட்போமின் மட்டும் எண்டால் இந்தப் பயம் குறைவு. எதுக்கும் உங்கட டொக்டரிட்டக் கேளுங்கோ. சவாசனத்தில ஒருத்தர் எழும்பேல்லை எண்டால் தொட்டுப் பாருங்கோ. ஆழ்ந்த நிலை கலைஞ்சாப் பரவாயில்லை.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அம்மாவுக்குக் குளுக்கோமா, கண் அழுத்த நோய். மாஸ்டரிட்ட முதலே “கண்ணுக்கு மருந்து விடுறனான்” எண்டு சொன்னவ. அதுக்கு அவர் “தலைகீழா நிண்டால் கண்ணுக்கு இரத்தம் நல்லா ஓடும்” எண்டு சிரசாசனம் பழக்கத் தொடங்கிட்டார். கிளினிக்கில அம்மா பெருமையாச் சொல்ல, டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வச்சுப்போட்டு என்னைப் பாத்தார். தலைகீழா நிக்கேக்க கண் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகுமாம். சாதாரணமா 10 முதல் 21 mmHg வரைக்கும் இருக்கவேண்டியது. குனிஞ்சு தலையைத் தொங்கப்போடுற அதோமுக சுவானாசனத்திலயும் ஏறுமாம். அம்மா இப்பவும் கேக்கிறா, “மாஸ்டர் படிச்சவர்தானே?”

மாமா, நோகாமல் வராது எண்டு சொன்னீங்கள். கண் அழுத்தம் ஏறேக்க பெரும்பாலும் நோகிறதே இல்லை.

தெஹிவளை அக்கா:
கடலோரக்காரி, உங்கட “டிக்” எனக்கு நாரியில. ஆள் வேற, கதை அதேதான், விடுங்கோ. இப்ப கதிரையில இருந்து செய்யிற வகுப்புக்குப் போறன். முன்னுக்குக் குனியேக்க முழங்காலை மடக்கச் சொல்லுவா, கீழ இருந்தால் புட்டத்துக்குக் கீழ போர்வை மடிச்சு வைப்பா. தொடுறதுக்கு முதல் “தொடலாமோ?” எண்டு கேப்பா. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது, இந்த வயசில என்னட்டக் கேட்டு ஆர் தொட்டது எண்டு. “வேண்டாம்” எண்டன். தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டா, முகத்தில ஒரு சுழிப்பும் இல்லை. பிள்ளைக்கு அதைத்தான் சொல்ல வந்தனான்.

பம்பலப்பிட்டி மாமா:
திருமூலர் கதிரையிலயே இருந்தவர்? ஜூன் 21 யோகா நாள் வந்தால் எல்லாரும் யோகி, மிச்ச நாள் எல்லாம் கதிரை.

சீனிக் கதை எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்ளுறன். தெஹிவளைப் பிள்ளை, அந்த வகுப்பு எந்த நாள், எத்தினை மணிக்கு? வீட்டுக்காரிக்கு முழங்கால் ஏலாது. போயா (பௌர்ணமி) லீவில நடக்குமோ எண்டும் கேட்டுச் சொல்லும்.