பிளட்டெல்லா பேரினம்: மலையகப் பதிவுகளை இனம் பிரித்து வரைபடமாக்குவது எப்படி?

தேயிலைமலை:
வணக்கம். அட்டன், அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தேயிலைச் செடிக்கடிச் சருகிலும் பிடித்த சிறு கரப்பான்கள் ஸ்பிரிட்டில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்மார்புக் கவசத்தில் இரண்டு கறுப்புக் கோடு. பிளட்டெல்லா என்று தெரிகிறது. ஜெர்மானிக்கா (ஜெர்மன் கரப்பான்) இனமா, அசாஹினாய் (ஆசியக் கரப்பான்) இனமா என்று எதை வைத்துப் பிரிப்பது? இணையத் தரவுத்தளத்தில் உள்ள இலங்கைப் புள்ளிகளையும் சேர்த்து ஆசிய வரைபடத்தில் போடலாமா?

பூச்சிப்பெட்டி:
கோட்டை மட்டும் பார்த்து இனப்பெயர் எழுத வேண்டாம். வளர்ந்த ஆண்களை முதலில் தனியே எடுங்கள். இறக்கையைத் தூக்கினால் வயிற்றின் 7ஆம், 8ஆம் முதுகுத் தகடுகளில் சுரப்பிக் குழிகள் தெரியும். அவற்றின் வடிவம், கடைசி அடித்தகடு, பிறப்புறுப்பின் இடப்பக்கக் கொக்கி இவைதான் சான்று. பூச்சியியலாளர் லூயிஸ் ராத் 1985இல் இந்தப் பேரினத்தைத் திருத்தி வகைப்படுத்தியதும் இந்த உறுப்புகளை வைத்தே.

டிஎன்ஏவுக்கு ஒரு காலை முதலிலேயே கழற்றி 95% எத்தனோலில் போடுங்கள். பிறகு வயிற்று நுனியை வெட்டி 10% பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஓர் இரவு விடுங்கள். நுவரெலியாக் குளிரில் அது போதாமல் தசை கரையாமல் நிற்கும். அப்போது குப்பியைச் சுடுநீர்க் கிண்ணத்தில் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மறந்து விட்டால் தகடு வெளிறி, சுரப்பியின் ஓரங்கள் தெரியாமல் போய்விடும். கழுவும் நீரில் ஒரு துளி அசெட்டிக் அமிலம் விட்டு, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். நுனி இருக்கும் குப்பிக்கும் உடலுக்கும் ஒரே இலக்கம் இருக்கட்டும்.

டிஎன்ஏவில் இனம் அறிய வழக்கமாகப் படிக்கும் சிஓஐ மரபணுத் துண்டு மட்டும் போதாது. 2024இல் வந்த மரபணு ஆய்வு, ஜெர்மானிக்கா சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மாரில் அசாஹினாயிலிருந்து பிரிந்தது என்கிறது. அவ்வளவு நெருங்கிய உறவு! உயிரோடு பிடிக்கும்போது நடத்தையையும் எழுதுங்கள்: அசாஹினாய் நன்றாகப் பறக்கும், மாலையில் விளக்குக்கு வரும். ஜெர்மானிக்கா பறக்காது.

வரைபடமேசை:
தரவுத்தளப் புள்ளிகளை அப்படியே சேர்க்காதீர்கள். அகலாங்கு 7.0, நெட்டாங்கு 81.0 என்று முழு எண்ணில் நிற்கும் புள்ளி பதுளைக்குப் பக்கத்தில் விழும். லேபலில் ‘சிலோன்’ என்று மட்டும் உள்ள பழைய மாதிரிக்கு நாட்டின் பொது ஆள்கூற்றை இட்டாலும் இப்படித்தான் வரும். அதை நம்பினால் மலையகத்தில் இல்லாத பதிவு ஒன்று முளைக்கும். பிழையெல்லை குறிக்காத புள்ளிகளையும் நீக்குங்கள்.

காலநிலையை வைத்துப் பரவலைக் கணிப்பதானால், காலநிலைப் படத்தின் ஒரு சதுரம் சுமார் 1 கிலோமீற்றர். அப்புத்தளைச் சரிவில் அதற்குள்ளேயே உயரம் நூற்றுக்கணக்கான மீற்றர் மாறிவிடும். ஆகவே கடல்மட்ட உயரத்தைப் பிடித்த இடத்திலேயே எழுதுங்கள். படத்திலிருந்து பிறகு எடுக்க வேண்டாம். லயத்துக்குள் பிடித்ததைச் சருகில் பிடித்ததோடு சேர்த்து ஒரே கணிப்பில் போட்டாலும் கணக்குக் கெடும். அடுப்படிச் சூட்டில் வாழும் பூச்சி வெளிக்காலநிலையைப் பற்றி எதுவும் சொல்லாது.

தேயிலைமலை:
மிக்க நன்றி. பெண்களையும் குஞ்சுகளையும் என்ன செய்வது?

பூச்சிப்பெட்டி:
‘பிளட்டெல்லா, இனம் தெரியாது’ என்று பேரின அளவிலேயே நிறுத்துங்கள். அதே சருகுக் குவியலில் ஆண் கிடைத்திருந்தாலும் அதன் பெயரைப் பெண்ணுக்கு ஒட்ட வேண்டாம், இரண்டு இனங்களும் அருகருகே இருக்கலாம். வரைபடத்தில் இவற்றுக்கு வெற்று வட்டம், ஆண் உறுப்பு பார்த்து உறுதியானதற்கு நிரப்பிய வட்டம். பழைய பட்டியலில் பேபியென்கோய் என்ற பெயர் வந்தால் அசாஹினாயோடு சேருங்கள், அது இணைப்பெயர், அதாவது அதே இனத்தின் இன்னொரு பெயர்.