கோழி செத்தால் யாரிடம் சொல்வது? பார்த்ததை எழுதுங்கள்

நான் கால்நடை மருத்துவர். தீவனத்தில் ஏதோ கோளாறு என்று ஒரு கோழிப் பண்ணைக்காரர் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால், கொட்டகைக்குப் பின்னால் புதிதாக மூடிய குழி. கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. நான்கு நாட்களாகச் செத்ததையெல்லாம் ராத்திரியில் புதைத்திருக்கிறார். மிச்சமிருந்த கோழிகளிலும் சிலவற்றுக்குக் கொண்டை நீலம் பாய்ந்திருந்தது. பறவைக் காய்ச்சலா, வெள்ளைக் கழிச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். மாதிரி அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை ஒரு முட்டைகூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டோம். மனிதர் உயிருக்கு ஆபத்தில்லாத வெள்ளைக் கழிச்சல் என்று வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"சொன்னா எல்லாத்தையும் கொன்னுடுவீங்க, அப்புறம் கடனை யார் கட்டுவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான கோழிகளைச் சில நாட்களில் அழித்தபின் புதிதாக யாருக்கும் தொற்றவில்லை. அப்படி அழிப்பதற்கு முதலில் தகவல் வர வேண்டும். நஷ்டஈடு உடனே கைக்கு வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் குழிதான் தோண்டுவார்கள்.

பதில்: நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். 1998-99இல் மலேசியாவில் நிபா பரவியபோது, முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை ஒழிக்க முனைந்தார்கள். நோயோ பன்றிகளிடமிருந்து வந்துகொண்டிருந்தது, அவற்றுக்குப் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைப் படித்திருந்தும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு வந்த ஓர் அம்மாவுக்கு மூன்று வாரம் ஏதேதோ மருந்து கொடுத்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: "ஆடு ரெண்டும் குட்டி வீசிடுச்சு, நான்தான் அள்ளிப் போட்டேன்." வெறும் கையால்! ரத்தத்தைச் சோதித்தால் புரூசெல்லா, ஆடுமாடுகளைக் கருச்சிதைய வைத்து மனிதருக்கும் தொற்றும் கிருமி. ஆளுக்கு ஆள் பரவி ஊரையே அடைக்கும் நோய் அல்ல அது. ஆனால் வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள், ஏதாவது செத்ததா என்ற இரண்டு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது காய்ச்சல் என்று வரும் எல்லோரிடமும் கேட்கிறேன்.

பதில்: டாக்டர், அந்த ஆடுகளை யாராவது போய்ப் பார்த்தார்களா?

பதில்: இல்லை. யாரிடம் சொல்வது என்று அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் தேடிப்பிடித்து ஒரு கால்நடை மருத்துவரின் எண்ணை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.