வேலூர் வெயில்ல ஸ்வீட் வயலட் தாங்குமா?

சத்துவாச்சாரி மாடி: இந்த வாசன ஊதாப்பூ செடிய ஒருதடவ வச்சா வருஷா வருஷம் தானா பூக்குமாமே, தொட்டில வைக்கலாமா? நாட்டு மருந்து கடைல இருமலுக்கு தர்ற பனப்ஷாவும் இதானா?

ஏலகிரி தோட்டம்: ஐரோப்பா பக்கம் காட்டுல நிழல்ல வளர்ற செடிங்க, குளிர்காலம் முடியறப்போ பூக்கும், நம்மூர்ல மே மாசம் 40 டிகிரி தாண்டுதே, மாடில வச்சா கருகிடும். விதை முளைக்கவே சில வாரம் குளிர்ல இருக்கணும், அதுக்கு தரையோட படர்ற ஓடுதண்ட வெட்டி நடறது ஈஸி. மக்குன இலை மண்ணு, அரைநிழல், ஈரம் வேணும். ஏலகிரில வேணா ட்ரை பண்ணலாம், அதுவும் டவுட்டுதான்.

ஆம்பூர் பாய்: ஆமா, பனப்ஷா இதோட காஞ்ச பூதான். யுனானில சளி இருமலுக்கு கஷாயம் போடுவாங்க. பூ, இலை சாப்பிடலாம், வேரும் விதையும் வாந்தி வர வைக்கும், தொடாதீங்க.

காட்பாடி: வயலட்தான் வேணும்னா நம்ம ஓரிதழ்தாமரை இருக்கே! அதே குடும்பம் தாங்க. மழைக்கப்புறம் புல்லு நடுவுல குனிஞ்சு பாருங்க, ஒரே ஒரு இதழ் மட்டும் பெருசா ரோஸ் கலர்ல தொங்கும், மத்ததெல்லாம் பொடிசு. காய் முத்துனா மூணா பிளந்து விதை தெறிக்கும், அதுக்கு முன்னாடியே பறிச்சு தொட்டில தூவிடுங்க.