ஆள் வருது, படிக்குது, பின்னூட்டம் மட்டும் வரல – உதவுங்க

நிபோங் திபால்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு மாநிலத்துல செபராங் பிறை பக்கத்துப் பழைய தோட்டங்களைப் பத்தி கூகளோட பிளாகர்ல தமிழ்ல எழுதிட்டு வர்றேன். பத்து கவான், கலிடோனியா, இப்படி. பதிவு போட்டதும் முகநூல்ல இணைப்பு கொடுப்பேன். குடும்ப வாட்ஸ்அப், கோயில் குழு, பழைய மாணவர் குழு எல்லாத்துலயும் போடுவேன். பார்வை எண்ணிக்கை நல்லாவே ஏறுது. பின்னூட்டம்னு பார்த்தா ஒண்ணும் இல்ல. எப்பவாவது ஒரு "அருமை", ஒரு "வாழ்த்துகள்".

பாராட்டுக்காகக் கேக்கல. தோட்டத்துல பால்மரம் (ரப்பர்) வெட்டினவங்க, பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கெடுக்குற வரிசைக்கு, நின்னவங்க எல்லாம் இப்ப எழுபது எண்பது வயசுல இருக்காங்க. அவங்க சொல்றது பதிவுக்குக் கீழ இருந்தா நாளைக்குத் தேடுறவங்களுக்குக் கிடைக்கும். ஆனா அதே ஆளுங்க எனக்குத் தனியா வாட்ஸ்அப்ல நீளநீளமா குரல் பதிவு அனுப்புறாங்க! "ஏன் பெரியம்மா அங்கேயே எழுதல?"ன்னு கேட்டா, "என்னமோ கேக்குதும்மா, விட்டுட்டேன்"னு சொல்றாங்க.

வார்ப்புரு மாத்திப் பார்த்தேன். பதிவு முடிவுல "உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்"னு போட்டும் பார்த்தேன். வேர்ட்பிரஸுக்கு மாறினா சரியாகுமா?

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்:

மாறாதீங்க கா. "என்னமோ கேக்குது"ன்னு பெரியம்மா சொன்னாங்க பாருங்க, கோளாறு அங்கதான். பிளாகர் செட்டிங்ஸ்ல கருத்துகள் பகுதியைத் திறந்து மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. யார் கருத்து எழுதலாம்னு என்ன போட்டிருக்கு? கருத்துப் பெட்டி எங்க திறக்குது? கேப்ட்சா, அதான் நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிக்கச் சொல்ற சோதனை, ஓடுதா?

நிபோங் திபால்காரி:

கூகள் கணக்கு உள்ளவங்க மட்டும். பெட்டி பதிவுக்குக் கீழேயே உட்பொதிஞ்சு இருக்கு. கேப்ட்சா ஆன்ல இருக்கு.

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்:

நெனச்சேன். ஒவ்வொண்ணா சொல்றேன்.

உங்க வாசகர் முகநூல்ல இணைப்பைத் தட்டுறார். அது குரோமுக்குப் போகாது, முகநூல் செயலிக்குள்ளயே ஒரு உலாவி திறக்கும். அவர் போன்ல கூகள் கணக்கு இருந்தாலும் அந்த உலாவிக்கு அது தெரியாது. மறுபடி லாகின் கேட்கும். செயலிக்குள்ள இருக்கிற உலாவியில லாகின் செய்யறதைப் பாதுகாப்புக் காரணமா கூகளே பெரும்பாலும் ஏத்துக்காது. எழுபது வயசு ஆளு ரகசியச் சொல்லைத் தேடிப் பிடிச்சுப் போட்டும் திருப்பி அனுப்பினா, அப்புறம் எங்க எழுதுவார்?

ஐபோன்காரங்களுக்கு இன்னொரு தொல்லை. பதிவுக்குக் கீழ தெரியற அந்தப் பெட்டி உங்க பிளாக்ஸ்பாட் முகவரியோடது இல்ல, பிளாகர் டாட் காம்லேர்ந்து கொண்டுவந்து ஒட்டினது. 2020 மார்ச்லேர்ந்து ஐபோன் உலாவி சஃபாரி மூணாம் தரப்பு குக்கியை (நீங்க பார்க்கிற தளம் இல்லாம வேற தளம் உலாவியில வைக்கிற அடையாளக் குறிப்பை) எல்லாம் தானாவே தடுக்குது. அதனால லாகின் செஞ்சிருந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினா எழுதினது காணாமப் போகும், இல்லாட்டி திரும்பத் திரும்ப லாகின் கேட்கும்.

செய்ய வேண்டியது: பெட்டியை "முழுப் பக்கம்" ஆக்குங்க. அப்ப அது பிளாகரோட சொந்தப் பக்கத்துல திறக்கும், குக்கிச் சிக்கல் வராது. பார்க்க அழகா இருக்காதுதான், ஆனா வேலை செய்யும். "யார் எழுதலாம்"ங்கறதை அநாமதேயர் உட்பட யாரும்னு மாத்துங்க. கணக்கு இல்லாதவங்க பேரை மட்டும் போட்டு எழுதலாம். கேப்ட்சாவை அணைச்சுட்டு மட்டுறுத்தலைப் போடுங்க, அப்ப நீங்க பார்த்து விட்டப்புறம்தான் கருத்து வெளியாகும். குப்பை வந்தா நீங்க தள்ளிக்கலாம், வாசகர் தலையில ஏன் கட்டணும்?

எல்லாம் முடிஞ்சதும் உங்க போன்ல சோதிக்காதீங்க, அதுல நீங்க லாகின் ஆகியிருப்பீங்க. பெரியம்மா போனை வாங்கி, முகநூல் வழியா உள்ள போய்ப் பாருங்க.

அப்புறம் அந்தப் பார்வை எண்ணிக்கையை முழுசா நம்பிடாதீங்க. பிளாகர் கணக்குல தானியங்கி நிரல்களும் சேர்ந்து வரும். உங்க சொந்த வருகையைக் கணக்குல எடுக்காம இருக்க அங்கேயே ஒரு தேர்வு இருக்கு.

செந்தூல் மச்சான்:

இந்தக் காலத்துல பிளாக் யார் படிக்கிறா? டிக்டாக்குக்குப் போங்கலா. ஒரு நிமிஷ வீடியோ போட்டா கமெண்ட் கொட்டும்.

நிபோங் திபால்காரி:

கொட்டும் தம்பி, ஆனா அடுத்த வருசம் "கலிடோனியா லயம்"னு அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளைத் தேடினா அந்தக் கமெண்ட் கெடைக்குமா?

பழைய பதிவர், பிரிக்பீல்ட்ஸ்:

ஷிப்ட்காரர் சொன்னதில் கைவைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வழியைத் திறந்துவிட்டால் மட்டும் ஆட்கள் பேசிவிட மாட்டார்கள்.

நாங்கள் எழுத வந்தபோது, பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி இருந்தது. புதிதாக மறுமொழி வந்த இடுகை முகப்புக்கு ஏறும். அதனால் பின்னூட்டத்துக்கு ஒரு சந்தை மதிப்பே இருந்தது. "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஓடிவந்து போடுவார்கள். நீ எனக்கு, நான் உனக்கு என்று மொய் எழுதுவோம். நள்ளிரவு வரை கும்மி நடக்கும். தனக்குத் தானே வேறு பெயரில் போட்டுக்கொள்வதைப் "பின்னூட்டக் கயமை" என்று வைதோம், அதையும் செய்தார்கள். அந்த நூற்றுக்கணக்கான பின்னூட்டங்களை இப்போது திரும்பிப் பார்த்தால் உருப்படியாக நாலு தேறாது. ஆகவே எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள் தங்கச்சி.

உங்கள் கலிடோனியா பதிவைப் படித்தேன். 99 கதவு மாளிகை, ராம்ஸ்டன் குடும்பம், 1948இல் துரை சுடப்பட்டது எல்லாம் வரிசையாக, நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. படித்து முடித்தவருக்குச் சேர்க்க என்ன மிச்சம் இருக்கிறது? துரையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பெரட்டுக்கு எத்தனை மணிக்கு மணி அடித்தார்கள், அடித்தது யார், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டியின் பெயர் என்ன, சம்பளத்தன்று வாசலில் யார் கடை போட்டார்கள் என்பதெல்லாம். அதை நீங்கள் கேட்கவே இல்லையே. "உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்" என்றால் மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்த மாதிரி, எல்லோரும் நழுவிவிடுவார்கள்.

கேள்வி சின்னதாக, ஒரே வரியில் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். ஒரு பதிவுக்கு ஒன்று போதும். அதையும் கடைசி வரியில் ஒளிக்காமல், பேச்சு வரும் இடத்திலேயே கேளுங்கள். தோட்டத்துக் குழுப் படம் இருந்தால் ஒவ்வொரு தலை மேலும் எண் போட்டு, "ஏழாவது ஆள் யார்?" என்று கேளுங்கள். பத்து கவானில் ஐக்கியா அறைகலன் கடை 2019இல் திறந்ததே, அந்தப் பக்கம் வாரந்தோறும் குடும்பத்தோடு போகிறவர்களிடம், "இந்த வழியில் முன்பு எந்த லயம் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தைப் பார்த்தே இராத பேரப்பிள்ளை கூட வீட்டில் பாட்டியிடம் கேட்டு வந்து எழுதும்.

இன்னொன்று. நம் ஆட்களைப் பாராட்டச் சொன்னால் கூச்சப்படுவார்கள், திருத்தச் சொன்னால் தூக்கத்தில் எழுப்பினாலும் வருவார்கள். ஒரு கங்காணி பெயரைத் தப்பாகப் போட்டுப் பாருங்கள், ஈப்போவிலிருந்து ஆள் வரும்! வேண்டுமென்றே தப்பாக எழுதச் சொல்லவில்லை. உறுதி இல்லாத இடத்தைப் பூசி மெழுகாமல், "ஆட்களை வேலை வாங்கிய தண்டலின் பெயர் முனியன் என்று ஒருவரும் முனுசாமி என்று ஒருவரும் சொல்கிறார்கள், எது சரி?" என்று வெளிப்படையாக விட்டுவிடுங்கள்.

வந்த பின்னூட்டத்துக்கு "நன்றி" என்று மட்டும் பதில் போடவும் வேண்டாம், பேச்சு அதோடு நின்றுவிடும். "அந்தக் கடை ஸ்டோருக்குப் பக்கத்திலா, பள்ளிக்கூடத்துப் பக்கமா?" என்று அடுத்ததைக் கேளுங்கள்.

நிபோங் திபால்காரி:

ஷிப்ட்காரரே, நீங்க சொன்ன மூணையும் மாத்திட்டேன். பெரியம்மா போன்ல சோதிச்சேன், லாகின் கேக்காம பெட்டி திறந்துச்சு. பேரைப் போட்டாங்க. அதுக்கப்புறம் எழுத வரல! "எனக்குத் தமிழ் தட்டத் தெரியாதே"ன்னுட்டாங்க. அவங்க பையன் மலாய்ப் பள்ளியில படிச்சவர், தமிழ் பேசுவார், எழுத மாட்டார்.

பதிவர் ஐயா, ஐக்கியா கேள்வியைப் போட்டுட்டேன். மூணு பேரு வந்துட்டாங்க! ரெண்டு தமிழ், ஒண்ணு ஆங்கில எழுத்துல தமிழ். ரெண்டு தமிழும் ஒண்ணுக்கொண்ணு முரண்.

டீச்சர், பட்டர்வொர்த்:

முரண்பட்டதற்கு மகிழுங்கள், இனி இருவரும் திரும்பத் திரும்ப வருவார்கள்.

எழுத்துச் சிக்கலுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஐபோனில் விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது "அஞ்சல்" என்று ஒரு தேர்வு வரும். ஆங்கில எழுத்தில் அம்மா என்று தட்டினால் தமிழில் விழும். நம் மலேசியர் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலில் கொண்டுவந்த முறை அது. ஆண்டிராய்டு கைப்பேசிக்கு அவருடைய செல்லினம் இருக்கிறது. கூகளின் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினாலும் எழுத்தாகிவிடும். முதியவர்களுக்கு அதுதான் எளிது. எழுத்துப்பிழை வரும், வந்தால் வரட்டும்.

பிளாகரில் கருத்துப் பெட்டிக்கு மேலே ஒரு குறிப்பு வைக்கும் வசதி உண்டு. அதில் இப்படிப் போடுங்கள்: "தமிழிலோ, மலாயிலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதலாம். பெயர் மட்டும் போதும், கணக்கு வேண்டாம். பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்." முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த நானே இதைச் சொல்கிறேன். "டீச்சர் பார்த்தால் என்ன நினைப்பார்" என்ற பயத்திலேயே எழுதாமல் போன என் மாணவர்கள் நிறைய.

வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வீணாக்காதீர்கள். அனுப்பியவரிடம் அனுமதி கேட்டு, அவர் சொன்னதை அவர் நடையிலேயே எழுதி, "பெரியம்மா குரல் பதிவில் சொன்னது" என்று நீங்களே பின்னூட்டமாகப் போடுங்கள். அதைப் பார்த்து இன்னொருவருக்குத் துணிச்சல் வரும். அவர் பெயரில் நீங்களாக எழுத வேண்டாம், அது சரியில்லை.

வக்கீல் ஆபீஸ் ஆள், கே.எல்.:

எல்லாரும் திற திறன்னு சொல்றீங்க. குறுக்க ஒரு சட்ட விஷயம். சாட்சியச் சட்டத்துல 114ஏ பிரிவு 2012 ஜூலை 31லேர்ந்து அமல்ல இருக்கு. தளத்தை நடத்துறவர்தான் அங்க வர்றதை வெளியிட்டவர்னு ஊகிக்கிற பிரிவு. இல்லைன்னா அதை நிரூபிக்கற பொறுப்பு உங்களோடது. வாசகர்கள் போட்ட கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில மலேசியாகினி செய்தித் தளத்துக்கு நீதிமன்ற அவமதிப்புன்னு கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டுச்சு. தோட்டத்துக் கதைக்கு அந்த அளவு வராதுதான். ஆனாலும் அநாமதேயரைத் திறந்தா மட்டுறுத்தல் கட்டாயம். "எப்போதும்"னு வைங்க. காலையும் ராத்திரியும் ஒரு தடவை பார்த்து உடனே விடுங்க. நாலு நாள் காத்திருந்தா எழுதினவர் திரும்ப மாட்டார்.

நிபோங் திபால்காரி:

நல்ல நேரத்துல சொன்னீங்க அண்ணே. நேத்து ஒண்ணு வந்திருக்கு. தோட்டம் வித்தப்ப நட்டஈட்டுக் காசுல ஒரு கிராணி (தோட்டத்து ஆபீஸ் எழுத்தர்) கை வச்சாருன்னு, பேரோட. கிராணி இறந்துட்டார், பிள்ளைங்க இங்கதான் இருக்காங்க. போடறதா, வேணாமா?

வக்கீல் ஆபீஸ் ஆள், கே.எல்.:

போடாதீங்க. இறந்தவர் வழக்குப் போட முடியாதுதான், ஆனா அதுல உயிரோட இருக்கிற யாரையாவது இழுத்திருந்தா கதையே வேற. பிளாகர்ல பின்னூட்டத்தைத் திருத்தி வெளியிட வழி இல்ல, விடலாம் இல்ல நீக்கலாம், அவ்வளவுதான். நிறுத்தி வச்சுட்டு, "பெயரை எடுத்துவிட்டு, நட்டஈடு உங்கள் குடும்பத்துக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள், போடுகிறேன்"னு ஒரு பின்னூட்டம் போடுங்க.

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்:

கா, இன்னொரு இடம் பார்த்தீங்களா? பிளாகர்ல இடப்பக்கம் கருத்துகள்னு இருக்கும், அதுக்குள்ள ஸ்பேம் பட்டியல். நல்ல பின்னூட்டத்தையும் அது சில சமயம் அங்க தள்ளிடும்.

நிபோங் திபால்காரி:

ஐயோ, இருக்கு! விளம்பரக் குப்பைக்கு நடுவுல உண்மையான ஆளுங்க. ஒருத்தர் பத்து கவான்ல பால் ஸ்டோருல வேலை பார்த்தவராம், பால் நிறுக்கும்போது எப்படிக் கழிப்பாங்கன்னு அவ்வளவு விவரமா எழுதியிருக்கார். பேரு "ராஜா", அவ்வளவுதான். வெளியிட்டு, பதிலும் எழுதிட்டேன். அவருக்குத் தகவல் போகுமா?

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்:

போகாது கா. கூகள் கணக்குல எழுதியிருந்து, எனக்குத் தெரிவின்னு அவர் டிக் போட்டிருந்தாதான் மின்னஞ்சல் போகும். பேரை மட்டும் போட்டு எழுதினவங்களுக்கு ஒண்ணும் வராது.

பழைய பதிவர், பிரிக்பீல்ட்ஸ்:

அவர் எழுதியதையே எடுத்து அடுத்த பதிவாகப் போடுங்கள். "பத்து கவான் பால் ஸ்டோரில் வேலை செய்த ராஜா எழுதியது" என்பதே தலைப்பு. முகநூலிலும் எல்லாக் குழுக்களிலும் அந்தத் தலைப்போடு விடுங்கள். அந்தத் தோட்டத்து ராஜாவைத் தெரிந்த யாராவது ஒருவர் அவருக்கு அனுப்பிவிடுவார். பதிவின் நடுவில் மறக்காமல் கேளுங்கள்: மற்றத் தோட்டங்களில் எவ்வளவு கழித்தார்கள்?