மறு: எலெங்கோஸ் – குறுக்கு விசாரணையா, துருவுவினாவா?

ஐயா, வணக்கம்.

சாக்ரட்டீஸ் கேள்வி கேட்டுச் சோதிக்கும் முறைக்கு எலெங்கோஸ் என்று பெயர். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் தந்த 'குறுக்கு விசாரணை'யை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏதென்ஸில் அந்தச் சொல் நீதிமன்றத்திலும் புழங்கியதுதான். அங்கே தொழில்முறை நீதிபதி கிடையாது. ஆண்டுதோறும் குலுக்கலில் எடுத்த 6000 குடிமக்களிலிருந்தே நடுவர்கள் வந்தார்கள். அரசுப் பதவிக்கு வருகிறவர்களுக்கோ பதவி ஏற்குமுன் ஒரு விசாரணை, பதவி முடிந்ததும் கணக்குக் கேட்டு இன்னொரு விசாரணை. சாக்ரட்டீஸ் கேட்ட கேள்விகள் அப்படிப்பட்ட ஊரில் முளைத்தவை என்பதை உங்கள் சொல் நினைவூட்டுகிறது.

ஆனால் நீதிமன்றத்துக்கும் தன் முறைக்கும் உள்ள வேறுபாட்டை சாக்ரட்டீஸே சொல்கிறார். பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் வரும் பேச்சு இது: மற்றவர்கள் சாட்சிகளை அடுக்குவார்கள், எனக்கு ஒரே சாட்சி போதும், என்னோடு பேசிக்கொண்டிருக்கிறவரே அந்தச் சாட்சி. கூட்டத்திடம் வாக்குக் கேட்க எனக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் சாட்சியைக் கேட்டாலும், அந்தப் பதில் போய்ச் சேரவேண்டிய இடம் நீதிபதி. இங்கே பதில் சொல்பவரே தீர்ப்பும் சொல்ல வேண்டும்.

பிளேட்டோவின் இன்னோர் உரையாடலில், லாக்கெஸ் என்ற படைத்தலைவரிடம் நடந்ததைப் பாருங்கள். வீரம் என்றால் என்ன என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். அணியில் நின்று, ஓடாமல் போரிடுவது என்கிறார் லாக்கெஸ். சிதியர்கள் என்ற நாடோடி இனத்தார் பின்வாங்கிக்கொண்டே போரிடுகிறார்களே என்கிறார் சாக்ரட்டீஸ். சரி, அப்படியானால் மனத்தின் உறுதி என்கிறார் லாக்கெஸ். அறிவில்லாத உறுதி நல்லதா? இல்லை. வீரம் நல்லதுதானே? ஆமாம். ஆனால் எல்லாக் கணக்கும் பார்த்து நிற்பவனைவிட, எதுவும் தெரியாமல் துணிந்து நிற்பவன்தான் வீரனாகத் தெரிகிறான் என்றும் லாக்கெஸே ஒப்புக்கொள்கிறார். அவர் சொன்னதை அவர் சொன்னதே இடிக்கிறது. வீரம் என்னவென்று தெரியும்போல இருக்கிறது, சொல்லில் பிடிபடாமல் நழுவுகிறது என்று தவிக்கிறார். எலெங்கோஸ் என்பது இதுதான். இதனால்தான் 'மறுப்பு' என்ற சொல்லும் பொருந்தாது. வெளியிலிருந்து யாரும் மறுக்கவில்லையே.

நன்னூலின் ஆறு வினாக்களில் 'அறிவினா'வை எடுக்கலாம் என்று அம்மா எழுதியிருந்தார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அறிவினா, விடை தெரிந்த ஆசிரியர் மாணவரைக் கேட்பது. சாக்ரட்டீஸோ தனக்கு விடை தெரியாது என்கிறார். அதற்காக 'அறியாவினா' என்றும் சொல்லிவிட முடியாது. விடையைப் பெற்றுக்கொண்டு போக அவர் கேட்கவில்லை, எதிரில் இருப்பவரின் விடையையே சோதிக்கக் கேட்கிறார்.

என் பரிந்துரை 'துருவுவினா'. துருவித் துருவிக் கேட்டார் என்று எல்லோரும் சொல்கிறோம். மேலே இருப்பதை விடாமல் சுரண்டி உள்ளே போகும் பொருள் அதில் இருக்கிறது. இது வினைத்தொகை, இடையில் ஒற்று மிகாது. வினையாக எழுத 'துருவிக் கேட்டார்' என்பதே போதும், புதிதாக ஒன்று வேண்டாம்.

அப்புறம், லாக்கெஸ் போய் நின்ற இடத்துக்குக் கிரேக்கத்தில் அப்போரியா என்று பெயர், நேர்ப்பொருள் 'வழியின்மை'. பலர் 'திகைப்பு' என்று எழுதுகிறார்கள். திகைப்பு மனத்தின் நிலையை மட்டும்தான் சொல்கிறது, பாதை அடைபட்டதைச் சொல்லவில்லை. 'வழிமுட்டு' என்று வைத்தால் காதுக்கு இடறுமா?